காய்ச்சல் வந்தவருக்கா, வராதவருக்கா எதிர்ப்பு சக்தி அதிகம்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். நம்ம தென்னாப்பிரிக்காவுல, டர்பன் சாட்ஸ்வர்த்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே நேரத்துல கொரோனா வந்துச்சு. அவருக்கு மூணு நாள் 39 டிகிரி காய்ச்சல், அடிச்சுப் போட்ட மாதிரி உடம்பு வலி. எனக்குத் தொண்டை கரகரப்பு மட்டும்தான். ரெண்டு பேர்ல யாருக்கு எதிர்ப்பு சக்தி நல்லா இருக்கு? ஃபைசர் கொரோனா தடுப்பூசி போட்டப்பவும் எனக்குக் காய்ச்சலே வரல, ஊசி வேலை செய்யலையா? காய்ச்சல் மாத்திரை பனாடோ போட்டா எதிர்ப்பு சக்தி குறையுமா? பக்கத்து வீட்டு ஆயா மிச்சம் இருந்த பிரெட்னிசோன் மாத்திரை குடுத்தாங்க, போடலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். போடாதீங்கம்மா. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

இப்ப காய்ச்சலுக்கு வருவோம். வைரஸ் மூக்கு, தொண்டைச் செல்லுக்குள்ள போன உடனே நமக்கு எதுவும் தெரியறதில்ல. ரெண்டு மூணு நாள் அது பாட்டுக்குப் பெருகும். வைரஸ் நுழைஞ்ச செல் வழக்கமா இன்டர்ஃபெரான்னு ஒரு பொருளைச் சுரந்து பக்கத்துச் செல்களை உஷார் பண்ணும். இந்த வைரஸ் தன்னோட சில புரதங்களை வச்சு அந்தத் தகவலையே கொஞ்ச நேரம் அமுக்கி வைக்குது. அதனாலதான் இருமலே இல்லாத ஆள்கிட்ட இருந்தும் பரவுது. சின்னப் பிள்ளைங்களுக்கு மூக்குச் செல்கள் முன்கூட்டியே உஷாரா இருக்கும், இன்டர்ஃபெரான் சீக்கிரம் கிளம்பிடும். அவங்களுக்கு லேசா வந்து போறதுக்கு அது ஒரு முக்கியக் காரணம்.

உடம்பு விழிச்சுக்கிட்ட பிறகு சைட்டோகைன்கள், அதாவது எதிர்ப்பு சக்திச் செல்கள் ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்லச் சுரக்கிற புரதங்கள், ரத்தத்துல கலக்கும். இன்டர்லூக்கின் 1, இன்டர்லூக்கின் 6, அப்புறம் டி.என்.எஃப்., இந்த மூணுதான் இதுல முக்கியம். இதுங்க தூண்டி விட்டதும் மூளையில ப்ரோஸ்டாகிளாண்டின் ஈ2-னு ஒரு ரசாயனம் சுரக்கும். அது உடம்புச் சூட்டைக் கவனிக்கிற மூளைப் பகுதியான ஹைபோதாலமஸ்ல இருக்கிற சூட்டு அளவை 37-ல இருந்து 39-க்கு ஏத்தி விடும். அந்த நிமிஷம் உங்க உடம்பு 37-லயே இருக்கும், மூளை 39 வேணும்னு கேக்கும். அதான் டிசம்பர் வெயில்ல கூட கம்பளியை இழுத்துப் போத்திக்கிட்டு நடுங்குறோம். உடம்பு வலி, அசதி, சோறு வேண்டாம்னு தோணுறது எல்லாம் இதே சைட்டோகைன் வேலைதான். வாசனை போறது மட்டும் கொஞ்சம் வேற கதை. வாசனை நரம்புக்குத் துணையா நிக்கிற செல்களை வைரஸ் நேரடியா தாக்குறதால வர்றது அது. ஒமைக்ரான் வகைக் கொரோனா வந்த பிறகு அது ரொம்பக் குறைஞ்சு போச்சு.

அப்ப காய்ச்சல் நம்ம உடம்பே செய்யுற வேலைன்னா, நிறைய காய்ச்சல் வந்தவருக்கு நிறைய சக்தியா? இங்கதான் எல்லாரும் தப்பா கணக்குப் போடறாங்க. பிரிட்டன்ல 18-ல இருந்து 29 வயசு வரைக்கும் உள்ள 36 பேர் தாங்களா முன்வந்தாங்க. எல்லாருக்கும் ஒரே அளவு வைரஸை மூக்குல விட்டுப் பார்த்தாங்க. அதுல 18 பேருக்குத் தொத்திச்சு, 16 பேருக்கு லேசான அல்லது நடுத்தர அறிகுறி, ரெண்டு பேருக்கு ஒண்ணுமே இல்ல. தொண்டையிலயும் மூக்குலயும் வைரஸ் அளவை எடுத்துப் பார்த்தா, அறிகுறியோட கடுமைக்கும் வைரஸ் அளவுக்கும் சம்பந்தமே காணோம். அறிகுறி இல்லாதவங்ககிட்டயும் வைரஸ் எக்கச்சக்கமா இருந்துச்சு. அடுப்புல காஞ்ச மிளகாய் கருகினா ஒரே நெடிக்கு ஒருத்தர் இருமித் தள்ளுவார், பக்கத்துல நிக்கிறவர் பேசாம இருப்பார், அந்த மாதிரிதான்.

அதனால, அம்மா, தொண்டை கரகரப்போட உங்களுக்கு முடிஞ்சு போனதுக்குப் பல காரணம் இருக்கலாம். இன்டர்ஃபெரான் சரியான நேரத்துக்குக் கிளம்பியிருக்கலாம். முன்னாடி வந்த சாதாரண சளிக் கொரோனாவைப் பார்த்துப் பழகின டி செல்கள் (வைரஸ் புகுந்த செல்லைக் கண்டுபிடிச்சு அழிக்கிற வெள்ளை அணுக்கள்) இதையும் அடையாளம் கண்டிருக்கலாம். ஹெச்.எல்.ஏ. பி 15:01-னு ஒரு மரபணு வகை உள்ளவங்களுக்கு அறிகுறியே இல்லாம போற வாய்ப்பு அதிகம்னு 2023-ல வெளியான ஆய்வு காட்டுச்சு. ஆன்டிபாடி, அதாவது வைரஸைப் பிடிச்சுக்க உடம்பு உண்டாக்குற புரதம், அதோட அளவை மட்டும் பார்த்தா, கடுமையா படுத்தவங்களுக்குத்தான் சராசரியா அதிகம், லேசா வந்தவங்களுக்குக் குறைவு. ஆனா டி செல்கள் லேசா வந்தவங்ககிட்டயும் நல்லாவே உருவாகுது. வீட்டுக்காரரும் நீங்களும் இதுல போட்டி போட வேண்டியதில்ல. உடம்பு எவ்வளவு சத்தம் போடுதுங்கிறதை விட எப்ப ஆரம்பிச்சுதுங்கிறதுதான் முக்கியம்.

நம்ம நாட்டுலயே இதைப் பார்த்தோம். 2021 நவம்பர்ல ஒமைக்ரானை முதல்ல உலகத்துக்குச் சொன்ன நாடுகள்ல தென்னாப்பிரிக்கா முன்னால நின்னுச்சு. அந்த அலைக்குச் சற்று முன்னாடி ஹௌட்டெங் மாகாணத்துல ரத்தம் எடுத்துப் பார்த்தப்ப, 73 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே ஆன்டிபாடி இருந்துச்சு. தொத்து மளமளன்னு ஏறியும் சாவு அந்த அளவுக்கு ஏறாததுக்கு அது பெரிய காரணம்.

இதுல வீட்டுல உதவுற விஷயம் ஒண்ணு இருக்கு. முன்னாடியே வைரஸைப் பார்த்த உடம்பு இப்ப சீக்கிரம் சத்தம் போடுது. வைரஸ் உச்சத்துக்குப் போறதுக்கு முன்னாடியே தொண்டை கரகரக்குது. உச்சம் வர்றது அறிகுறி தொடங்கின நாலாம் நாள் வாக்குல. அதனால முதல் நாளே ரேபிட் டெஸ்ட் எடுத்து, ஒரு கோடுதான் வந்துச்சு, எனக்குக் கொரோனா இல்லைன்னு ஆடி மாசக் கஞ்சிப் பூசைக்குப் போய் உக்காந்துடாதீங்க. 48 மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை எடுங்க. ஜூலை, ஆகஸ்ட்ல நம்ம கோயில் கூட்டமும் குளிர்காலச் சளியும் ஒண்ணாத்தான் வருது.

பனாடோ. இதுல இருக்கிற பாரசிட்டமால், மூளையில ப்ரோஸ்டாகிளாண்டின் உண்டாகுறதைக் குறைச்சு, ஏத்தி வச்ச சூட்டு அளவை இறக்குது. இன்டர்ஃபெரானும் டி செல்களும் அவங்க வேலையைப் பார்த்துக்கிட்டே இருக்கும். பெரியவங்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒண்ணு அல்லது ரெண்டு, நாலுல இருந்து ஆறு மணி நேர இடைவெளி விட்டு, 24 மணி நேரத்துல 8 மாத்திரைக்கு மேல கூடாது. எடை 50 கிலோவுக்குக் கீழ இருந்தாலோ, கல்லீரல் கோளாறு, குடிப்பழக்கம் இருந்தாலோ அதை விடக் குறைவு, டாக்டர் சொல்ற அளவுதான். தப்பு நடக்குறது எங்கேன்னா, பனாடோவும் போட்டுக்கிட்டு, வெந்நீர்ல கரைச்சுக் குடிக்கிற ஃப்ளூ பவுடரும் குடிக்கிறாங்க. அதுலயும் பாரசிட்டமால்தான் இருக்கு. பெட்டியைத் திருப்பிப் படிங்க. 37.5-க்கெல்லாம் மாத்திரை தேவையே இல்ல. ரசம் குடிச்சுட்டுப் படுங்க.

இப்ப பிரெட்னிசோன். இது ஸ்டீராய்டு. முதல் வாரத்துல வைரஸ் பெருகுது, அதை அடக்க நம்ம படை வேலை செய்யணும். அந்த நேரத்துல ஸ்டீராய்டு போட்டா படையோட கையைக் கட்டுற மாதிரி ஆயிடும். சிலருக்கு ரெண்டாம் வாரத்துல படையே நுரையீரலைப் புண்ணாக்கும், அப்பதான் ஸ்டீராய்டு உயிர் காக்குது. 2020 ஜூன்ல வெளியான பிரிட்டிஷ் பரிசோதனையில டெக்ஸாமெத்தசோன்னு ஒரு ஸ்டீராய்டை தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள் குடுத்தாங்க. வென்டிலேட்டர்ல இருந்தவங்க சாவு மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது. ஆக்சிஜன் தேவைப்படாதவங்களுக்குப் பலனே இல்ல, கெடுதல் பக்கம்தான் சாய்ஞ்சுது. நம்ம ஜனங்கள்ல சர்க்கரை நோய் வேற அதிகம், ஸ்டீராய்டு சர்க்கரையைச் சரசரன்னு ஏத்தும். ஆனா ஒண்ணு: வேற நோய்க்காக ஏற்கெனவே பிரெட்னிசோன் எடுத்துக்கிட்டு இருக்கிறவங்க இதைக் கேட்டுட்டு திடீர்னு நிறுத்தக் கூடாது, அது ஆபத்து. ஆஸ்துமா பம்ப்பும் வழக்கம் போல தொடரணும்.

லேசா வந்தாலும் வயசானவங்க, சர்க்கரைக்காரங்க 7-ஆம் நாள்ல இருந்து 10-ஆம் நாள் வரைக்கும் கவனமா இருங்க. காய்ச்சல் விட்டுட்டு மறுபடி ஏறினா, நாலு வார்த்தை பேசுறதுக்குள்ள மூச்சு வாங்கினா, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடணும். விரல்ல மாட்டுற ஆக்சிஜன் மீட்டர் இருந்தா, அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்து, கையைத் தேய்ச்சுச் சூடு பண்ணி, நகப்பாலிஷ் எடுத்துட்டு, மருதாணி இல்லாத விரல்ல மாட்டி ஒரு நிமிஷம் நிலையா நிக்கிற எண்ணைப் பாருங்க. டர்பன் கடலோரம், இங்க 94-க்குக் கீழ வந்தா உடனே டாக்டரைப் பார்க்கணும். ஜோஹன்னஸ்பர்க் 1,700 மீட்டர் உயரம், அங்க நல்லா இருக்கிறவங்களுக்கே ஓரிரு புள்ளி குறைவாத்தான் காட்டும். கறுத்த தோலுக்கு இந்த மீட்டர் நிஜத்தை விடக் கூடுதலா காட்டுறது உண்டு. மீட்டர் 96 சொல்லுது, ஆனா ஆள் மூச்சுத் திணறுறார்னா, ஆளை நம்புங்க.

மிச்சம் இருக்கிறது ஊசி. ஃபைசர் பரிசோதனையில ரெண்டாவது ஊசிக்குப் பிறகு 55 வயசு வரைக்கும் உள்ளவங்கள்ல 16 சதவீதம் பேருக்கும், அதுக்கு மேல உள்ளவங்கள்ல 11 சதவீதம் பேருக்கும்தான் காய்ச்சல் வந்துச்சு. பாதுகாப்பு அப்ப இருந்த வகைக்கு 95 சதவீதம். கணக்குப் பாருங்க, காய்ச்சலே வராதவங்களும் பெரும்பாலும் தப்பிச்சிருக்காங்க. ஊசி வேலை செஞ்சிருக்கு அம்மா. அதைத் தெரிஞ்சுக்க லேப்ல காசு குடுத்து ஆன்டிபாடி டெஸ்ட் எடுக்க வேண்டாம். வைரஸோட வெளிப்பக்கத்து முள் புரதத்தைப் பிடிக்கிற ஸ்பைக் ஆன்டிபாடி ஊசியாலயும் வரும், நோயாலயும் வரும். நோயால மட்டும் வர்ற, வைரஸோட உள்புரதத்தைப் பிடிக்கிற நியூக்ளியோகேப்சிட் ஆன்டிபாடி லேசா வந்தவங்களுக்குச் சில சமயம் எழும்பறதே இல்ல, எழும்பினாலும் சில மாசத்துல இறங்கிடும். டி செல்லை அந்த டெஸ்ட் பார்க்கிறதே இல்ல.