காது குத்துவது தாய்மாமன் மடியில்

நடுவர் ஐயா, வணக்கம். எதிரணிக்கு வணக்கம். பனி இன்னும் விடவில்லை, போர்வையைப் போர்த்திக்கொண்டு பாயில் உட்கார்ந்திருக்கிற அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் தனியாக ஒரு வணக்கம். அவ்வளவுதான், விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

வீடியோ கேம் இசையை மாற்றி வாசித்துக் கொண்டாடுகிற ரசிகர்கள் படைப்பாளிகளா, பொழுதைப் போக்குகிறவர்களா என்பது தலைப்பு. பென்னாகரம் பக்கத்தில், பொங்கல் விழாவில், இப்படி ஒரு தலைப்பா என்று சாயந்திரத்திலிருந்து கேட்கிறார்கள். ஏன் கூடாது? நம் ஊர்ப் பசங்களுக்கு டிவி கேம் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. படைப்பாளிகளே என்று பேச வந்திருக்கிறேன். மூன்று காரணம் எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒன்று சொன்னார் பாருங்கள், அதைக் கேட்ட பிறகு அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

என்ன சொன்னார்? "அடுத்தவன் பெத்த பிள்ளைக்கு இவங்க காது குத்துறாங்க. பெத்தவன் ஜப்பான்ல இருக்கான், இவங்க இங்க மேளம் அடிச்சு, நம்ம எல்லாருக்கும் சேர்த்துக் காது குத்துறாங்க" என்றார். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன்.

அண்ணே, ஒரே ஒரு கேள்வி. நம் ஊரில் பிள்ளைக்குக் காது குத்துவது யார் மடியில் வைத்து?

சொல்லுங்கள். அந்தப் பக்கம் பாட்டி சொல்லிவிட்டார். தாய்மாமன் மடியில்!

பெற்றவன் மடியில் இல்லை. பெற்றவன் பந்தலுக்கு ஓரமாக நின்று சமையல்காரரிடம் பேசிக்கொண்டிருப்பான். பிள்ளை உட்காருவது மாமன் மடியில். ஆசாரி கம்பியை எடுக்கும்போது கையைக் காலைப் பிடிப்பது மாமன். வீல் என்று கத்தும்போது வாழைப்பழத்தை வாயில் திணிப்பது மாமன். தட்டு, துணி, நகை என்று ஊரே பார்க்க ஊர்வலமாக சீர் கொண்டுவருவது மாமன். அந்தப் பிள்ளையை அவன் பெறவில்லை. சொத்தில் பங்கும் கிடையாது. ஆனால் அவன் வரவில்லை என்றால் காதணி விழா நடக்குமா இந்த மாவட்டத்தில்? நேரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, மாமன் வரட்டும் என்று ஆசாரியை உட்கார வைத்திருப்போம். அப்படியென்றால் அண்ணன் எங்களைத் திட்டவில்லை நடுவரே, எங்களைத் தாய்மாமன் வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்.

தாய்மாமன் என்றதும் என் மாமா கதையைச் சொல்லாமல் போக முடியாது. என் அம்மாவுக்கு மூத்த அண்ணன். பம்பை வாசிப்பவர். 2004 வாக்கில் தர்மபுரி பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் எனக்கு டிவி கேம் வாங்கிக் கொடுத்தது அவர்தான். ஒரு கேசட்டும் கூடவே. அதில் மாரியோ. மீசை வைத்து, சிவப்புத் தொப்பி போட்டு, குதித்துக் குதித்துத் தலைக்கு மேலே இருக்கிற செங்கல்லைக் கையால் இடிப்பானே, அவன். நாங்கள் விளையாடுவோம், மாமா திரையைப் பார்க்கவே மாட்டார். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், தொடையில் விரல் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்தக் கேமில் நேரம் குறைந்துகொண்டே வரும். 100க்குக் கீழே இறங்கினால் ஒரு சின்ன எச்சரிக்கைச் சத்தம், அப்புறம் அதே பாட்டு வேகமெடுக்கும். அதை முதல் தடவை கேட்டபோது மாமா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "டேய், இவன் நம்மாளுடா! கரகம் தலைக்கு ஏறும்போது நாங்க காலத்தை ஏத்துற மாதிரியே ஏத்துறான்டா!" என்றார். அந்த இசையைப் போட்டவர் கோஜி கொண்டோ, ஜப்பான்காரர், வருஷம் 1985. மொத்த கேமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது, படம், பாட்டு எல்லாம் சேர்த்து. இன்று நாம் அனுப்புகிற ஒரு வாட்ஸ்அப் போட்டோ அதைவிடப் பெரிது. அந்தக் கருவியின் சிப்பில் ஐந்தே ஐந்து ஒலித்தடம். ஐந்து பேருக்கு மேல் வாசிக்க ஆள் இல்லாத குழு மாதிரி. நம் பம்பைக் குழுவில் பம்பை, உடுக்கை, கைச்சிலம்பு என்று நாலைந்து பேரை வைத்து ஊரையே எழுப்புகிறோமே, அதே கணக்கு. மாமாவுக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. காதில் விழுந்ததை வைத்தே கண்டுபிடித்தார்.

அடுத்த வருஷம் மாரியம்மன் பண்டிகை. ராத்திரி இரண்டு மணி. கிணற்றடியில் கரகம் ஜோடிக்கிறார்கள், அது முடிகிற மாதிரி தெரியவில்லை. பெரியவர்கள் திண்ணையில், பிள்ளைகள் பாயில், எல்லாரும் தூக்கம். பம்பைக்காரர்கள் மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். மாமா என்ன நினைத்தாரோ, குச்சியை எடுத்து மெதுவாக அந்தப் பாட்டின் நடையை ஆரம்பித்தார். தத்தா... த... தத்தா... தும். பாயில் ஒரு தலை தூக்கியது. இரண்டாவது தலை. உடுக்கைக்காரர் சேர்ந்துகொண்டார். மூன்றாவது, நான்காவது. நாங்கள் பதினோரு பிள்ளைகள் எழுந்து வந்து, மாமாவைச் சுற்றி நின்று, கையை மடக்கித் தலைக்கு மேலே தூக்கி, ஒவ்வொரு அடிக்கும் குதிக்க ஆரம்பித்தோம். செங்கல் இடிக்கிறோம்!

திண்ணையில் தூங்கிய எங்கள் பாட்டி கண் விழித்துப் பார்க்கிறார். பம்பை அடிக்கிறது. கரகம் இன்னும் கிளம்பவில்லை. பதினோரு பிள்ளைகள் கையைத் தூக்கிக் குதிக்கிறார்கள். பாட்டி என்ன நினைப்பார்? விபூதித் தட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். முதலில் சிக்கியது என் தம்பி, அப்போது ஆறு வயசு. நெற்றி நிறைய பூசிவிட்டு, "யாரு தாயி வந்திருக்கறது? பேரைச் சொல்லு தாயி" என்று கேட்டார். அவன் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: "மாரியோ பாட்டி!"

கடைசி வரிசையில் இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இன்னொரு தரம் சொல்கிறேன். பாட்டி கேட்கிறார், பேரைச் சொல்லு தாயி. பையன் சொல்கிறான், மாரியோ. பாட்டிக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? "மாரியோவா? இதுல என்ன சந்தேகம், மாரியேதான்டா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, மீதி பத்துப் பேருக்கும் வரிசையாகப் பூசினார். எனக்கும். பூசாரி கிணற்றடியிலிருந்து ஓடிவந்து, "கரகம் இங்க இருக்குது, ஆத்தா எப்படி அங்க வந்தா?" என்று கேட்க, மாமா அடியை நிறுத்தவே இல்லை. "பிள்ளைங்க எழுந்துட்டாங்க பாரு பூசாரி, நீ ஜோடி" என்றார். சிரிப்புச் சத்தத்தில் ஊரே எழுந்துவிட்டது. அன்றைக்குக் கரகம் கிளம்பியபோது ஒருவர்கூடத் தூங்கவில்லை. எங்கள் ஊரில் இன்றும் என் தம்பியை மாரியோ என்று கூப்பிட மாட்டார்கள், "மாரியே" என்றுதான் கூப்பிடுவார்கள்.

இப்போது சொல்லுங்கள், அன்று ராத்திரி மாமா செய்தது என்ன? பாட்டு அவருடையதா? இல்லை. வெறும் நகலா? பம்பை ஜப்பானில் இருக்கிறதா? உலகம் முழுக்க அந்த ரசிகர்கள் செய்வது இதையேதான்.

ஓவர்கிளாக்டு ரீமிக்ஸ் என்று ஒரு குழு. 1999இல் டேவிட் லாயிட் என்கிற அமெரிக்கர் ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கான பாடல்கள், எல்லாமே இலவசம். அங்கேயும் உங்களைப் போல நடுவர்கள் உண்டு ஐயா. மூலத்தை அப்படியே வாசித்து அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், உன் பங்கு இதில் என்ன என்று கேட்பார்கள், காரணம் எழுதி வாக்குப் போடுவார்கள். ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு பாடலோடும் எந்த கேம், முதலில் இசையமைத்தவர் யார் என்று பெயர் போடுவார்கள். மொய் நோட்டில் ஊர் பெயரோடு எழுதுகிறோமே, அது மாதிரி. திருடுகிறவன் மொய் எழுதுவானா? 2008இல் கேப்காம் நிறுவனம் தன்னுடைய ஸ்ட்ரீட் ஃபைட்டர் கேமைப் புதுப்பித்தபோது, இசையைச் செய்துதரச் சொன்னது இந்த ரசிகர்களிடம்தான். பெற்றவனே தட்டு வைத்து மாமனைக் கூப்பிட்டிருக்கிறான்.

மாமன் மடியில் வளர்ந்த பிள்ளையும் இருக்கிறது. டோபி ஃபாக்ஸ். எர்த்பவுண்ட் என்கிற பழைய கேமின் ரசிகர் கூட்டத்தில் வளர்ந்த பையன். 2008இல் அந்த கேமை மாற்றி ஒன்று செய்து, அதற்கு மெகலோவேனியா என்று ஒரு பாட்டும் போட்டான். 2015இல் சொந்தமாக அண்டர்டேல் என்று ஒரு கேம் செய்து, இசையும் அவனே அமைத்து, அந்தப் பாட்டை அதிலும் வைத்தான். இன்றைக்கு அதை மாற்றி வாசிக்காத கருவி எதுவும் மிச்சம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நேற்றைய மருமகனுக்கு இன்று எத்தனை மாமன்கள் பாருங்கள்.

விருது கிடைத்தால்தான் ஒத்துக்கொள்வேன் என்று எதிரணி அக்கா சொன்னார். சரி அக்கா, 2022 கிராமி, அமெரிக்காவில் இசைக்குக் கொடுக்கிற பெரிய விருது. எய்ட் பிட் பிக் பேண்ட் என்கிற ஜாஸ் குழு, கர்பி கேமில் வந்த ஒரு பாட்டை எக்காளம், டிரம்ஸ் எல்லாம் வைத்து மாற்றி வாசித்ததற்குக் கொடுத்தார்கள். என்ன பிரிவு தெரியுமா? இசைக்கோப்பு. அதாவது, மாற்றி அமைத்த அந்த வேலைக்கே விருது.

சரி, பெற்றவன் மட்டும் எல்லாவற்றையும் வெறுங்கையிலிருந்தா எடுத்தான்? செங்கல் அடுக்குகிற டெட்ரிஸ் விளையாடியிருப்பீர்கள். 1989இல் கேம்பாய் என்கிற கையடக்க கேம் கருவியில் வந்த அதன் பாட்டு ரஷ்ய நாட்டுப்புறப் பாட்டு. வரிகள் நெக்ராசோவ் என்கிற கவிஞர் 1861இல் எழுதியவை, ஊர் ஊராகத் துணி விற்கிற வியாபாரியும் ஒரு பெண்ணும் பேரம் பேசுகிற கதை. துணி மூட்டையோடு நடந்த பாட்டு கேமுக்குள் போயிருக்கிறது. பாரதத்தை நம் பென்னாகரத்துக்காரர் யாரும் எழுதவில்லை. ஆனால் கூத்தில் துரியோதனன் முகவீணைக்கும் மிருதங்கத்துக்கும் நடுவில் சுழன்று வரும்போது அவன் யார் ஊர்க்காரன்? நம் ஊர்க்காரன்தான். கூத்தாடியைப் பார்த்து அடுத்தவன் கதையை ஆடுகிறாய் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை அண்ணே. இனியும் சொல்லிவிடாதீர்கள்.

இதற்கு மேல் வாதம் செய்ய மனசு வரவில்லை. மாமா பேச்சை எடுத்துவிட்டேன்.

2019 ஐப்பசியில் மாமா போய்விட்டார். பம்பையை வீட்டில் ஆணியில் மாட்டிவைத்திருக்கிறோம், வாசிக்க ஆள் இல்லை. என்னுடைய பழைய பட்டன் போனில் ஒரு பதிவு இருந்தது. ஒரு பண்டிகையில் பிள்ளைகள் கேட்டார்கள் என்று மாமா மறுபடியும் அந்தப் பாட்டை அடித்தபோது எடுத்தது. இரண்டு நிமிடம்தான். இரைச்சல். நடுவில் ஒரு நாய் குரைக்கிறது, யாரோ இருமுகிறார்கள். அதை அப்படியே கேம் இசை ரசிகர்கள் இருக்கிற ஒரு குழுவில் போட்டு, இது என் மாமா, இனி வாசிக்க மாட்டார் என்று மட்டும் எழுதினேன்.

முகம் தெரியாதவர்கள். மொழி தெரியாதவர்கள். பிரேசிலில் இருக்கிற ஒருவர் இரைச்சலைக் குறைத்துக் கொடுத்தார். போலந்திலிருந்து ஒருவர் பேஸ் வாசித்து அனுப்பினார். ஒருவர் டிரம்பெட். இது என்ன கருவி, ஏன் இரண்டு உடம்பு, ஒன்று மரம் ஒன்று பித்தளையா என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். பம்பைச் சத்தத்துக்கு மேலே எதுவும் ஏறக்கூடாது என்று அவர்களே முடிவு செய்தார்கள். நாய் குரைப்பதை எடுத்துவிடவா என்று கேட்டபோது, வேண்டாம், அது அந்த ராத்திரியைச் சேர்ந்தது என்று சொன்னது நான் இல்லை, அவர்களில் ஒருவர்.

முடித்து அனுப்பிய அன்று அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு மாரியோ யாரென்று தெரியாது, கிராமி தெரியாது. நான் ஒன்றும் சொல்லாமல் போனில் போட்டேன். முதலில் அவர் திரும்பவே இல்லை. கடைசியில் அந்த வேகமெடுக்கிற இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. "அண்ணன் காலம் ஏத்துதுடா" என்றார். வாசல் பக்கம் பார்த்தார். களி அடிப்பிடிக்கிற வாசனை வருகிறது, இரண்டு பேருமே அடுப்பை அணைக்கவில்லை. பாட்டு முடிந்ததும், "இன்னொரு தரம் போடு" என்றார். அம்மா இதோ மூன்றாவது பாயில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

நடுவர் மணி அடித்துவிட்டார். சரி ஐயா, நேரம் 100க்குக் கீழே போய்விட்டது, இனி வேகமெடுக்க வேண்டிய இடம். நான் பேச வேண்டியது முடிந்துவிட்டது. மீதி இரண்டு நிமிடத்தை என் மாமாவுக்குக் கொடுங்கள். தம்பி, அந்த மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கு, போனில் சத்தம் கம்மியாக இருக்கும்.