திறப்பு யாரிடம்?

வணக்கம் நேயர்களே.

2022 ஆடி மாதம், கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டுப் போன அன்று, கொழும்பில் இருக்கும் என் மருமகன் கிளிநொச்சிக்கு ரெலிபோன் எடுத்தான். "மாமி, சனம் ரோட்டுக்கு வந்தா என்ன நடக்குமெண்டு பாத்தீங்களோ?" அவனுக்கு நான் என்ன சொல்ல? இங்கே கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கியது 2017 மாசி 20. எங்கள் சனம் ரோட்டுக்கு வந்து அப்போதே ஐந்து வருடம் தாண்டிவிட்டது.

போராடினால் ஏதும் மாறுமா என்று பேசத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். மாறும் என்பதற்கும் மாறாது என்பதற்கும் வன்னியில் சாட்சி உண்டு. இரண்டும் ஒரே வருடத்தில் தொடங்கியவை.

2017 தை 31. முல்லைத்தீவு கேப்பாப்புலவின் பிலவுக்குடியிருப்புச் சனம், தங்கள் காணியைத் திருப்பிக் கேட்டு விமானப்படை முகாம் வாசலில் போய்க் குந்தியது. பெண்கள், கைக்குழந்தைகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். தைப்பனி தெரியும்தானே, தறப்பாளுக்குள்ளும் சொட்டும். நான் போன அன்று ஒரு ஆச்சி கம்பிவேலிக்கு அங்கால் கையை நீட்டினார். "அந்தத் தென்னை நான் வைச்சது பிள்ளை. காய்ச்சிருக்கு, ஆர் புடுங்கினமோ." அவர் காட்டிய மரம் ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை. ஒரு மாதத்தில், பங்குனி 1 ஆம் திகதி, ஏறக்குறைய 42 ஏக்கர் விடுபட்டது. 54 குடும்பங்கள் உள்ளே போயின.

அங்கே ஒரு மாதத்தில் திறந்த கதவு கந்தசுவாமி கோயிலடியில் ஏன் திறக்கவில்லை? தாய்மார் குறைவாகப் போராடினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. என் கணக்கு இது: கேப்பாப்புலவில் கேற்றுக்கு ஒரு திறப்பு இருந்தது, அது யாருடைய கையில் என்பதும் தெரியும். திறந்துவிட்டால் அவருக்குப் பெரிய நட்டம் இல்லை, வெளிநாட்டாரிடம் நல்ல பெயரும் கிடைக்கும். "என்ர பிள்ளை எங்கே?" என்ற கேள்வி அப்படியில்லை. அதற்கு உண்மையான பதில் சொல்பவர் அந்தப் பதிலோடு நீதிமன்றமும் ஏற வேண்டிவரும். அதனால்தான் காணாமல் போனோர் அலுவலகத்துக்கு 2016 இல் சட்டம் வந்தது, 2018 இல் ஆணையாளர்கள் வந்தார்கள், அலுவலகமும் வந்தது. பதில் மட்டும் வரவில்லை.

திறப்புக்குக் காத்திராமல் போனவர்களும் இருக்கிறார்கள். கிளிநொச்சிக் கடலில் இருக்கும் இரணைதீவுச் சனம் 1992 இல் போரால் இடம்பெயர்ந்தது. 2017 மே முதலாம் திகதியிலிருந்து கரையில் இரணைமாதாநகரில் தீவைத் திருப்பிக் கேட்டுப் போராட்டம் இருந்து பார்த்தார்கள். ஏறக்குறைய ஒரு வருடம். பிறகு 2018 சித்திரை 23 அன்று வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் ஏறித் தாங்களே தீவுக்குப் போய் இறங்கிவிட்டார்கள். தீவில் கடற்படை நின்றது, ஆனால் திருப்பி அனுப்பவில்லை. அடுத்த மாதமே அரசாங்கம் ஓமென்றது. வீடு இடிந்து, கிணறு தூர்ந்துதான் கிடந்தது. ஆனாலும் கடலட்டை பிடிக்கிற கடல் வாசலில் இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2021 பங்குனியில் கொரோனாவில் இறந்தவர்களை இரணைதீவில் அடக்கம் செய்யப்போவதாக அறிவித்தார்கள். கட்டாயமாக எரிக்கக்கூடாது, அடக்கம் செய்ய விடவேண்டும் என்று முஸ்லிம் சனம் மாதக்கணக்கில் போராடிப் பெற்ற உரிமை அது, அதில் எங்களுக்கு மறுப்பில்லை. தங்களை ஒரு வார்த்தை கேட்காமல் தீவைக் குறித்ததுதான் தீவாருக்குப் பொறுக்கவில்லை. உடனே எழும்பினார்கள். சில நாளில் அடக்கம் கிழக்கில் இருக்கும் ஓட்டமாவடிக்குப் போனது. முதல் போராட்டத்தில் படகேறிய கால்கள் இரண்டாம் முறை யாரையும் கேட்டு நிற்கவில்லை.

போன மாதம் ஒரு தாயோடு படக்கடைக்குப் போனேன். போராட்டக் கொட்டிலில் மாட்டியிருந்த, காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படம் வெயிலில் வெளிறிவிட்டது. வெயிலுக்குச் சிவப்புத்தான் முதலில் போகும், முகமெல்லாம் நீலம் பாய்ந்து கிடந்தது. கடைப் பெடியன் கொம்பியூட்டரில் நிறம் ஏற்றித் தருகிறேன் என்றான். சேட்டுக்கு மண்ணிறம் வைத்தான்.

"தம்பி, அது சிவப்பு," என்றார் அவர். "வட்டுவாகலிலை ஆமியிட்டைக் குடுக்கேக்கை உந்தச் சேட்டுத்தான் போட்டிருந்தவன். நிறம் பிழைச்சால், நாளைக்கு விசாரிக்கேக்கை நான் பொய் சொல்லுறனெண்டு சொல்லுவினம்."

பெடியன் மாற்றினான். இன்னும் கொஞ்சம் கடும் சிவப்பு என்றார்.