வயர் தெரியாத மேசை: தக்கலைத் தம்பியின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கமிருந்து கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தபோது எடுத்த அயனிப் பலகைகள் வீட்டில் சும்மா கிடக்கின்றனவாம். அதில் ஒரு மேசை செய்ய வேண்டும், கம்ப்யூட்டர், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் (பின்னவை இரண்டும் கேம் ஆடும் கன்சோல்கள்) மூன்றும் மேசைக்குள்ளேயே இருக்க வேண்டும், மேலே கண்ணாடி போட்டு உள்ளே விளக்கு எரிய வேண்டும். "அயனி போதுமா, ப்ளைவுட்தான் நல்லதா?" என்பது கேள்வி. கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "அம்மாவுக்கு ஒரு வயர்கூட கண்ணில் படக் கூடாது அண்ணா."

இந்தக் கடைசி வரி என்னை விடவே இல்லை. மரத்தைப் பற்றிக் கேட்கிற எல்லாருடைய மனதிலும் இருப்பது இதுதான். எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடிவிட வேண்டும், முன்னால் நின்று பார்த்தால் சுத்தமாக இருக்க வேண்டும். நம் வீடியோக்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியும். டிவி அலமாரி பற்றிப் பேசியபோதும் இதைத்தான் சொன்னேன்: முதலில் பின்பக்கத்தை வரையுங்கள். முன்பக்கத்தை ஆசாரியே அழகாக்கிக் கொடுத்துவிடுவார். பின்பக்கத்தைப் பற்றி நீங்கள் சொல்லாவிட்டால் அவர் ஒரு ப்ளைவுட் துண்டை வைத்து ஆணி அடித்துவிட்டுப் போய்விடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அலமாரி என்றால் பின்னால் மூட வேண்டும் என்றுதான் அவர் தொழில் படித்திருக்கிறார்.

சரி, மரத்தை முதலில் முடித்துவிடுவோம், அது எளிது. அயனி அருமையான மரம். வள்ளம் செய்கிற மரம் அது. தண்ணீருக்கும் கறையானுக்கும் தாக்குப்பிடிக்கும். பழைய வீட்டுப் பலகை என்றால் நன்றாகக் காய்ந்து இறுகியிருக்கும். அதை மேல்பலகைக்கும் கால்களுக்கும் போடுங்கள். மிஷின்கள் உட்காரும் அறைகளை மட்டும் ப்ளைவுட்டில் செய்யுங்கள், 18 மில்லிமீட்டர், தண்ணீர் தாங்கும் மரைன் வகை, ஐஎஸ் 710 முத்திரை உள்ளது. காரணம் இருக்கிறது. எவ்வளவு காய்ந்த மரமானாலும் நம் ஊர்க் காற்றோடு சேர்ந்து விரியும், சுருங்கும். ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை என்று இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் இது. மழைக்காலத்தில் கதவு பிடித்துக்கொள்வதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பலகையின் அடியில் ஒரு மிஷின் தினமும் சூடான காற்றை ஊதினால் அடிப்பக்கம் காயும், மேல்பக்கம் ஈரமாகவே இருக்கும், பலகை வளைந்துவிடும். அதனால் மேல்பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். சட்டத்தில் துளையை வட்டமாக இல்லாமல், பலகையின் அகலவாட்டில் நீட்டி எடுத்து ஸ்க்ரூ போட்டால் பலகை நகர இடம் இருக்கும். பழைய பலகையில் முறிந்த ஆணி உள்ளே கிடக்கும், இழைப்பதற்கு முன் ஒரு காந்தத்தை வைத்துத் தடவிப் பாருங்கள். மரக் கேள்வி அவ்வளவுதான்.

இப்போது பின்பக்கம். பிளேஸ்டேஷன் 5 முதலில் வந்த மாடல் 39 சென்டிமீட்டர் நீளம், 26 அகலம், 10 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் கனம். அது முன்னால் காற்றை இழுத்துப் பின்னால் தள்ளும். சுவரிலிருந்து 10 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள் என்று சோனியே கையேட்டில் சொல்லியிருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் அப்படியில்லை. அதில் கறுப்பாக வட்டமாக ஒரு சல்லடை இருக்கிறதே, சூடு போவது அதன் வழியாகத்தான். நிறுத்தி வைத்தால் அந்த வட்டம் பக்கவாட்டில் இருக்கும், படுக்க வைத்தால் மேலே வரும். சீரிஸ் எக்ஸ் என்ற பெரிய பெட்டியை நிறுத்தி வைத்தால் நேரே உச்சியில் தள்ளும். ஆக, ஒன்று பின்னால், ஒன்று மேலே என்று ஆளுக்கு ஒரு திசை. பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று மூன்றுக்கும் ஒரே அளவில் மூன்று அறை செய்தால் ஒன்றாவது மூச்சு முட்டும்.

எவ்வளவு முட்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளேஸ்டேஷனில் பெரிய கேம் ஓடும்போது சுமார் 200 வாட் மின்சாரம் இழுக்கும். உள்ளே போன மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும், வேறு வழியே இல்லை. அறையில் மிச்சமிருக்கும் காற்று 40 லிட்டர் என்று வையுங்கள். அதன் எடை 50 கிராம்கூட வராது. 200 வாட் அந்தக் காற்றை நொடிக்கு 4 டிகிரி சூடாக்கப் போதும். பலகையும் மிஷினும் சூட்டை வாங்கிக்கொள்வதால் அவ்வளவு வேகமாக ஏறாது, ஆனால் ஏறிக்கொண்டே இருக்கும். அதற்கு முன்னால் ஒரு கதவும் போட்டு மூடுகிறோம், அம்மாவுக்கு வயர் தெரியக் கூடாது என்று.

சூடு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு எக்ஸ்பாக்ஸ் 360 கதையைச் சொல்ல வேண்டும். 2005-இல் வந்தது. முன்பக்க வட்டத்தில் மூன்று சிவப்பு விளக்கு எரிந்தால் மிஷின் போய்விட்டது என்று அர்த்தம். ஓடும்போது சூடாகி, நிறுத்தியதும் ஆறி, மறுபடி சூடாகி, சிப்பின் நுண்ணிய இணைப்புகள் விட்டுப்போயின. 2007-இல் மைக்ரோசாஃப்ட் உத்தரவாதத்தை மூன்று வருடமாக நீட்டி, அதற்கென்று 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. செய்தவனுக்கே அந்தக் கதி. நாம் அதே மாதிரி மிஷினை மரப்பெட்டிக்குள் பூட்டப் போகிறோம்.

தம்பி, உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தானே பத்மநாபபுரம் அரண்மனை. பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருப்பார்கள். இன்னொரு தடவை போங்கள், இந்த முறை ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் நின்று சன்னல்களை மட்டும் பாருங்கள். சாய்வாக வைத்த மரச்சட்டங்கள். வெயில் உள்ளே வராது, காற்று வரும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். உங்கள் அம்மா கேட்பதும் இதுதானே? மறைக்க வேண்டும், ஆனால் மூடக் கூடாது. உங்கள் மேசைக் கதவிலும் அதே மாதிரி அயனிச் சட்டங்களைச் சாய்த்து வைத்துச் செய்யுங்கள். ரிமோட்டின் ஒளிகூட இடுக்கு வழியாகப் போகும். நம் ஊர் ஆசாரிகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை, நீங்கள் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

முன்னால் சட்டம், பின்னால் திறப்பு. பின்பலகையே வேண்டாம் என்பேன். மேசை ஆடாமல் இருக்க மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை போதும், நடுவில் திறந்தே இருக்கட்டும். அதில் 120 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டு, காற்றை வெளியே தள்ளுகிற மாதிரி. 300 வாட் சூட்டை, அறை வெப்பத்தைவிட 10 டிகிரிக்கு மேல் ஏறாமல் வெளியேற்ற, நிமிடத்துக்கு ஒன்றரை கன மீட்டர் காற்று நகர வேண்டும். நல்ல ஃபேன் ஒன்றே அதைச் செய்யும் என்று டப்பாவில் போட்டிருப்பான். வலை வைத்துவிட்டால் அவ்வளவு வராது, அதனால்தான் இரண்டு. வலை அவசியம். சூடான இடம் என்றால் எறும்பும் பல்லியும் குடிவந்துவிடும். பல்லி போர்டில் குறுக்கே விழுந்து கருகிக் கிடப்பதை இன்வெர்ட்டர் ரிப்பேர் செய்கிறவர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். குளச்சல், முட்டம் பக்கம் கடற்கரையோரம் வீடு என்றால் உப்புக்காற்று வேறு. அங்கே ஃபேன் வலையைத் துருப்பிடிக்காத இரும்பில் வாங்குங்கள்.

அடுத்து துளை. ஒரு வீட்டில் நானே பார்த்தது. புது மேசை, வழவழவென்று சன்மைக்கா ஒட்டியிருக்கிறது. வயர் போக ஆசாரி ஒரு அங்குலத் துளை போட்டிருக்கிறார். வயர் போகும், பிளக் போகாது. அவர் சற்றும் தயங்காமல் பிளக்கை வெட்டி, வயரை நுழைத்து, வேறு பிளக் மாட்டிக் கொடுத்துவிட்டார். மின்வயருக்கு அது சரி. அப்புறம் ஹெச்டிஎம்ஐ கேபிளையும் எடுத்துக்கொண்டு "இதையும் வெட்டட்டுமா?" என்று கேட்டார். நல்லவேளை, வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். மூன்று பின் பிளக் தாராளமாகப் போக 60 மில்லிமீட்டர் துளை வேண்டும். அந்த அளவுக்கு மூடியும் கடையில் கிடைக்கிறது. கண்ணாடியில் துளை வேண்டுமென்றால் டஃபன் செய்வதற்கு (சூடாக்கி உறுதியாக்குவதற்கு) முன்பே சொல்லிவிடுங்கள். டஃபன் செய்த கண்ணாடியில் பிறகு டிரில் வைத்தால் முழுத் தகடும் பொடிப்பொடியாக உதிரும்.

கண்ணாடி என்றதும் நினைவு வருகிறது, கம்ப்யூட்டரை மேசைக்குள் பிரித்துப் பரப்பி வைப்பது பற்றி. செய்யலாம். லியான் லி என்ற தைவான் கம்பெனி மேசையே கேபினெட்டாக இருக்கிற மாடலை விற்றது. மரத்துக்கும் இந்த மிஷின்களுக்கும் பழைய உறவும் உண்டு: 1976-இல் வந்த ஆப்பிள் 1 வெறும் போர்டாகத்தான் விற்கப்பட்டது, வாங்கியவர்களில் சிலர் மரப்பெட்டி செய்து போட்டுக்கொண்டார்கள். 1977-இல் வந்த அட்டாரி கேம் மிஷினின் முகப்பே மரம் மாதிரி இருக்கும். ஆனால் என்னைக் கேட்டால் வேண்டாம். கண்ணாடிக்குள் விளக்கு எரிகிற கம்ப்யூட்டரின் மேல் கடைசியில் என்ன இருக்கப் போகிறது? கீபோர்டு, மவுஸ் பேட், நோட்டுப் புத்தகம், டீ கிளாஸ். பார்க்க வைத்த சாமானை நாமே மறைக்கிறோம், டீ கொட்டினால் போர்டின் மேலேயே கொட்டுகிறது. இன்னொன்று, இரும்புக் கேபினெட் வெறும் அலங்காரம் இல்லை. பவர் சப்ளையின் எர்த் அந்த இரும்போடு சேர்ந்திருக்கிறது, ரேடியோ இடையூறையும் அது தடுக்கிறது. மரத்தில் நேரடியாகப் போர்டை ஸ்க்ரூ போட்டால் அது இரண்டும் இல்லை. ஏடிஎக்ஸ் என்ற வழக்கமான அளவு மதர்போர்டு 305-க்கு 244 மில்லிமீட்டர், இன்றைய கிராபிக்ஸ் கார்டு பல 300-ஐத் தாண்டுகின்றன. அடுத்து வாங்கப் போகும் கார்டு எவ்வளவு நீளம் என்று யாருக்குத் தெரியும்? கேபினெட்டை அப்படியே மேசையின் ஒரு பக்க அறையில், பின்னால் திறந்து, உருட்டி இழுக்கிற பலகையில் வையுங்கள். அதே காரணத்தால்தான் கன்சோல் அறைகளையும் இன்றைய மிஷின் அளவுக்குச் செய்யாதீர்கள் என்கிறேன். 60 அகலம், 45 ஆழம், 25 உயரம் சென்டிமீட்டர். நாளைக்கு எது வந்தாலும் பெரும்பாலும் உட்காரும்.

இதெல்லாம் நீங்கள் கேட்டது. ஆனால் யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருக்கிற கேள்வி வேறு. இடி இடிக்கும்போது எதைப் பிடுங்குவது?

சித்திரையிலும் ஐப்பசியிலும் மத்தியானத்துக்கு மேல் வானம் இருண்டால் நம் ஊரில் எல்லா வீட்டிலும் ஒரு சத்தம் கேட்கும்: "டிவி வயரைப் பிடுங்குடா!" சரியான சத்தம் அது. சுவிட்சை அணைத்தால் போதாது. சாதாரண சுவிட்ச் ஒரு கம்பியைத்தான் துண்டிக்கும், மற்றதும் எர்த்தும் இணைந்தே இருக்கும். துண்டித்த இடைவெளியும் சில மில்லிமீட்டர்தான், மின்னலுக்கு அது ஒரு தூரமா? ஸ்பைக் பஸ்டர் கரண்டில் திடீரென்று வருகிற சின்னச் சின்ன ஏற்றத்தைத் தாங்கும், பக்கத்துத் தென்னையில் விழுகிற இடியைத் தாங்காது. பிளக்கைக் கையால் பிடுங்குவதுதான் வழி. அதுவும் இடி தலைக்கு மேல் வந்த பிறகு இல்லை, இருட்டும்போதே.

இப்போது அந்த அழகான மேசையை நினைத்துப் பாருங்கள். ஒரு வயரும் தெரியவில்லை. நூறு கிலோ கனம். பிளக் பாயிண்ட் அதன் பின்னால் சுவரில். இடி வருகிறது, தம்பி கல்லூரியில் இருக்கிறார், வீட்டில் அம்மா மட்டும். எப்படிப் பிடுங்குவார்? அதனால்தான் மறுபடி மறுபடி சொல்கிறேன், பின்பக்கத்தை முதலில் வரையுங்கள். மேசைக்குள் எத்தனை மிஷின் இருந்தாலும் சுவருக்குப் போவது ஒரே ஒரு தடித்த வயராக இருக்க வேண்டும், அந்த பிளக் மேசையின் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில், 16 ஆம்பியர் பாயிண்டில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரும் ஒரு கன்சோலும் மானிட்டரும் சேர்ந்தாலும் பெரும்பாலும் 1000 வாட்டுக்குள்தான் வரும், அதற்கு 16 ஆம்பியர் தாராளம். யுபிஎஸ் இருந்தால் அதுவும் இந்த ஒரே வயரில்தான். இன்டர்நெட் பெட்டியை மறந்துவிடாதீர்கள். ஃபைபர் இழை கண்ணாடி, அதன் வழியாக மின்சாரம் வராது. ஆனால் அந்தப் பெட்டி கரண்ட் பாயிண்டிலும் இருக்கிறது, அதிலிருந்து செம்புக் கம்பி உள்ள லேன் கேபிள் கம்ப்யூட்டருக்கும் போகிறது. கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதை விட்டுவிட்டால் அந்த வழியாக வந்து போர்டைச் சுட்டுவிடும். இன்டர்நெட் பெட்டியின் அடாப்டரும் அதே ஒரு வயருக்குள் வரட்டும். ஒரு பிளக், ஒரு இழுப்பு, எல்லாம் தனி. அம்மாவுக்கு ஒரே ஒரு வயர் தெரியும், அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அப்புறம் தம்பி, நீங்கள் அனுப்பிய மேசைப் படம் நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் சுவரே இல்லை. பிளக் பாயிண்ட் எங்கே, சன்னல் எங்கே, சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா என்று ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஆசாரிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அனுப்புங்கள்.