‘புது நத்தை’ என்று சொல்ல முன்னம்

(காட்சி: மழை. கிணற்றுக் கட்டில் மெல்ல ஏறும் நத்தை.)

ஐப்பசி மழை தொடங்கினால் திருகோணமலையில் கிணற்றுக் கட்டு, குளியலறைச் சுவர், வாழைத்தண்டு எங்கும் நத்தைதான். போன கிழமை உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி போனில் படம் அனுப்பியிருந்தான். “அண்ணா, இந்த நத்தை இணையத்தில் எங்கேயும் இல்லை. புது இனமா இருக்குமோ?”

இருக்கலாம். இலங்கையில் பதிவான தரை நத்தை இனங்கள் சுமார் 250. அதில் ஐந்தில் நாலு பங்கு வேறெந்த நாட்டிலும் இல்லை. அவற்றில் அதிகமானவை தென்மேற்கின் ஈர வலயக் காடுகளில் வாழ்பவை. எங்களுடையது வறண்ட வலயம். கோடையில் இங்கே பல நத்தைகள் ஓட்டின் வாயைச் சளிப் படலத்தால் அடைத்துக்கொண்டு படுத்துவிடும். தேடுவதென்றால் மழைக்குள்தான் தேடவேண்டும்.

ஆனால் இணையத்தில் இல்லை என்பது சாட்சி ஆகாது. 19ஆம் நூற்றாண்டில் லேயார்ட் போன்றவர்கள் இலங்கையில் நத்தை பொறுக்கி அனுப்ப, பென்சன் போன்றவர்கள் அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். பல விவரிப்புகள் லத்தீனில் நாலைந்து வரி, படமும் கிடையாது. அந்த ஓடுகள் இன்று லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் அருங்காட்சியக இழுப்பறைகளில் கிடக்கின்றன. உங்கள் கையில் உள்ளது அதில் ஒன்றும் இல்லை என்று காட்டவேண்டும். புது இனத்தை விவரிப்பதில் பாதிக்கு மேல் இந்த வேலைதான். காட்டில் திரிவது சின்னப் பங்கு.

(காட்சி: சருகை அரிதட்டில் போட்டு ஆட்டும் கைகள்.)

காட்டுக்குப் போக முன்னம் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். இது விளையாட்டில்லை. அப்புறம், பாலை, வீரை மரங்களின் கீழே சருகை அள்ளி அரித்துப் பாருங்கள். ஐந்து மில்லிமீற்றருக்கும் குறைந்த நத்தைகள் அதில்தான் வரும். புதியவை ஒளிந்திருக்க வாய்ப்புள்ள இடமும் அதுதான். வெறுங்கையால் சளியைத் தொடாதீர்கள். சில நத்தைகளில் மனித மூளையைத் தாக்கும் புழு இருக்கும்.

எடுத்த இடத்திலேயே இடம், திகதி, உயரம் எல்லாம் காகிதத்தில் பென்சிலால் எழுதிப் போத்தலுக்குள் போடுங்கள். நான் ஒருமுறை பத்து ஓடுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன், எந்த மேட்டில் எடுத்தது என்று எழுதவில்லை. இப்போது அவை என் மேசையில் அழகுக்கு இருக்கின்றன, ஆய்வுக்கு உதவாது.

உயிருள்ளதை நேரே அற்ககோலில் போட்டால் உடல் ஓட்டுக்குள் சுருங்கிவிடும். தண்ணீர் நிரம்பிய போத்தலில் காற்றுக் குமிழ் இல்லாமல் மூடி ஒரு நாள் வைத்தால், உடல் நீண்டு வெளியே வந்து நிற்கும். கேட்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் ஓடு ஒரேமாதிரி இருக்கும் இரண்டு இனங்களை இனப்பெருக்க உறுப்பைத் திறந்து பார்த்துப் பிரிக்கவேண்டி வரும்.

(காட்சி: வெள்ளைத் துணியில் ஒரு ஓடு. பக்கத்தில் ஒரு சங்கு.)

இப்போது ஓட்டுக்கு வருவோம். நுனி, அதாவது சுருள் தொடங்கும் முனை மேலே, வாய் உங்களைப் பார்த்து இருக்கும்படி பிடியுங்கள். வேணியர் இடுக்கியால் உயரம், அகலம் அளவிடுங்கள். நுனியிலிருந்து சுருள்களை எண்ணுங்கள், கால் சுருள் வரை கணக்கு. வாயின் உதடு தடித்து வெளியே மடிந்திருக்கிறதா? பல குடும்பங்களில் அப்படி மடிந்தால்தான் வளர்ந்த நத்தை. அடியில் தொப்புள் மாதிரி ஒரு குழி திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? மேற்பரப்பில் கோடா, மணியா? நுணுக்குக்காட்டி இல்லாமல் இது தெரியாது.

வாய் எந்தப் பக்கம் என்று எழுதும்போது எங்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. நுனி மேலே நிற்க வாய் வலப்பக்கம் வந்தால் அறிவியலில் அது வலச்சுருள். பெரும்பாலான நத்தைகள் அப்படித்தான், சாதாரணச் சங்கும் அப்படித்தான். ஆனால் அந்தச் சாதாரணச் சங்கை நாங்கள் இடம்புரி என்கிறோம். வலம்புரி என்று கொண்டாடும் அபூர்வச் சங்கு அறிவியலுக்கு இடச்சுருள்! யாரும் பிழைவிடவில்லை. சங்கைத் தலைகீழாக்கி, நீண்ட வால் முனை மேலே வரப் பிடித்துப் பாருங்கள், வாய் மற்றப் பக்கம் போய்விடும். அதனால் தமிழில் குறிப்பு எழுதினால் வலம்புரி என்ற சொல்லைத் தொடாதீர்கள். “நுனி மேலே, வாய் வலப்பக்கம்” என்று நீட்டியே எழுதுங்கள்.

விவரிப்பைத் தமிழில் எழுதினாலும் விலங்குகளுக்குப் பெயர் வைக்கும் உலக விதிப்படி செல்லும். பெயர் மட்டும் லத்தீன் எழுத்தில் இருக்கவேண்டும். உலக நத்தை ஆய்வாளர்களுக்கு விளங்கவேண்டுமே என்றுதான் எல்லாரும் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். 1930க்குப் பிறகு வந்த பெயர் என்றால், மற்ற இனங்களிலிருந்து எதில் வேறுபடுகிறது என்று சொற்களில் சொல்லியிருக்கவேண்டும். 2000ஆம் ஆண்டு முதல் மூல மாதிரியையும், அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமாக நிற்கும் மாதிரியையும், தெளிவாகக் குறிப்பிடவேண்டும். வழக்கமாக அது ஒரேயொரு ஓடு. அதைக் கொழும்புத் தேசிய அருங்காட்சியகம் போன்ற இடத்தில் வைப்பார்கள். டி.என்.ஏ. கட்டாயமில்லை, இருந்தால் பலம்.

பெயருக்கு ஊரையோ ஆளையோ பிடிக்கலாம். பெண் பெயர் என்றால் கடைசியில் ‘ae’, ஆண் என்றால் ‘i’. உங்கள் பெயரை நீங்களே வைக்கத் தடை இல்லை, ஆனால் சிரிப்பார்கள்.

(காட்சி: தம்பி அனுப்பிய படம், பெரிதாக்கி.)

சரி, தம்பியின் நத்தை. மண்ணிறத்தில் நெடுக்குக் கீறல்கள், உதடு மெல்லியது, சுருள்கள் சுற்றிவரும் நடுத்தூணின் அடி கத்தியால் வெட்டியதுபோல் முடிகிறது. அந்த வெட்டு ஆபிரிக்க இராட்சத நத்தையின் அடையாளம். 1900இல் ஒலிவர் கொலெட் என்பவர் இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தது, இது அதன் குஞ்சு. வளர்ந்ததையே பார்த்துப் பழகியவர்களுக்குக் குஞ்சு வேறு இனம் மாதிரித்தான் தெரியும்.

தம்பி, வீட்டில் பப்பாசிக் கன்று இருந்தால் இன்றிரவே ஒருக்கா டோர்ச் அடித்துப் பார்.