பல் வைத்தியருக்கு ஒரு பதில்

(நோர்வேயின் ஒஸ்லோவில் நடந்த பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: இணைய உலகில் நம் உரிமையைக் காப்பது சட்டமா, சொந்த விழிப்பா? 'சட்டமே' என்ற அணியில் ஒரு சட்டத்தரணி பேசியது.)

நடுவர் அவர்களுக்கும், எதிரணிக்கும், பின்வரிசையில் ரோல்ஸ் சாப்பிட்டபடி கேட்கும் உறவுகளுக்கும் வணக்கம். நேரம் குறைவு. மற்ற வணக்கங்களை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு முன் பேசிய தம்பி கணினிப் பொறியியலாளர். நன்றாகப் பேசினார். முடிக்கிற நேரம் பார்த்து என் மேல் ஒரு கல்லை எறிந்துவிட்டு இருந்துவிட்டார். "சட்டத்தரணி சட்டம் வேண்டாம் என்றா சொல்லுவார்? பல் வைத்தியர் வாயால் இனிப்புச் சாப்பிடாதே என்பார், மனசுக்குள் மிட்டாய்க் கடைக்காரனைக் கும்பிடுவார். அப்படித்தான் இவரும்!" நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். என் மனைவியும் தட்டினாள். அவள் எந்த அணி என்பது கலியாணம் முடித்த நாளில் இருந்தே எனக்குத் தெரியாது, அதை விடுங்கள்.

தம்பி, ஒன்று கேட்கிறேன். பல் வலித்தால் என்ன செய்வீர்கள்? விழிப்புத்தான் மருந்து என்று விடிய விடிய விழித்திருப்பீர்களா? வைத்தியரிடம்தானே ஓடுவீர்கள்? அங்கே போய்க் கதிரையில் சாய்ந்து வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஐயா, நீங்கள் மிட்டாய்க் கடைக்காரனைக் கும்பிடுகிற ஆள்" என்று சொல்லிப் பாருங்களேன்.

வாயைத் திறந்து வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று கேட்கிறார் நடுவர். அதுதான் ஐயா, தேவை வரும்போது பேச முடியாது. அப்போது நமக்காகப் பேச ஒரு ஆள் வேண்டும்.

தம்பி தன் கட்சிக்காக யோன் லெக் யோகான்சன் கதையைச் சொன்னார். டிவிடி யோன். 1999இல் 15 வயது நோர்வேப் பெடியன். வேறு சிலரோடு சேர்ந்து, டிவிடிக்குப் போட்டிருந்த பூட்டைத் திறக்கிற ஒரு மென்பொருளை இணையத்தில் விட்டான். காசு கொடுத்து வாங்கிய படத்தை, அந்தப் பூட்டால் படம் ஓடாத தன் லினக்ஸ் கணினியில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஹொலிவூட் கொம்பனிகள் முறைப்பாடு செய்தன. 2000 ஜனவரியில் வீட்டுக்குப் பொலிஸ் வந்தது. "பாருங்கள், பெடியனின் விழிப்பு பூட்டைத் திறந்தது, சட்டம் அவனைக் கலைத்தது" என்றார் தம்பி. இடைவேளையோடு படத்தை நிறுத்திவிட்டார். மீதியை நான் ஓட்டுகிறேன்.

பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் போட்டது. பெடியனுக்குப் பக்கத்தில் இருந்து வாதாடியது யார்? ஒரு பல் வைத்தியர்! என்னைப் போல ஒரு மிட்டாய்க் கடைப் பக்தர்! 2003 ஜனவரி 7, ஒஸ்லோ மாவட்ட நீதிமன்றம் விடுதலை செய்தது. சட்டப்படி வாங்கிய படத்தை வாங்கியவன் பார்ப்பது குற்றமில்லை. அரசுத் தரப்பு விடவில்லை, மேன்முறையீடு போனது. அதே வருடம் டிசம்பர் 22, நத்தாருக்கு மூன்று நாள் இருக்க, அங்கும் விடுதலை. அதோடு அரசுத் தரப்பு கை கழுவியது. தம்பி, பூட்டைத் திறந்தது விழிப்பு. ஓம், ஒத்துக்கொள்கிறேன். பெடியனைப் பூட்டி வைக்காமல் காத்தது எது?

2005இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி அந்த மாதிரிப் பூட்டுத் திறப்பதற்குத் தடை போட்டார்கள். அதைச் சொல்லத் தம்பி மறந்துவிட்டார். நானும் சொல்லப்போவதில்லை.

அடுத்து அவருடைய மருந்து. "செயலியை இறக்கும்போது நிபந்தனையை வாசி, பிறகு ஓம் என்று அழுத்து." ஆகா! 2016 மே மாதம் இந்த நாட்டு நுகர்வோர் சபை அதைச் செய்தே காட்டியது. சராசரி நோர்வேக்காரரின் போனில் இருக்கக்கூடிய 33 செயலிகள். அவற்றின் நிபந்தனைகளை எல்லாம் கமராவுக்கு முன் இருந்து, ஆள் மாறி ஆள், நேரலையில் சத்தமாக வாசித்தார்கள். கிட்டத்தட்ட 32 மணித்தியாலம்! விவிலியத்தின் புதிய ஏற்பாட்டை விட நீளம். எங்கள் சனம் சிவராத்திரிக்கே பன்னிரண்டு மணிக்குப் பிறகு சுவரில் சாய்கிற சனம். டோர்ச் லைட் செயலிக்காக 32 மணித்தியாலம் முழித்திருக்கச் சொல்கிறார் தம்பி.

இப்போது ஒரு உண்மைக் கதை. ஆளின் பெயர் சொல்லமாட்டேன். பெரியப்பா என்று வைத்துக்கொள்வோம். ஒஸ்லோவில் குரோருட் பக்கம் வீடு. இந்த மண்டபத்தில் இருந்தாலும் இருப்பார், திரும்பிப் பார்க்காதீர்கள்.

பெரியப்பாவின் சின்ன மகளுக்குப் பேர்கனில் ஒரு பெடியன் பொருந்தி வந்தது. சாதகம் பார்த்தாயிற்று. அடுத்தது சம்பளம். ஊரில் என்றால் தரகரை விசாரிப்போம். நோர்வேயில் தரகர் எதற்கு? இங்கே எல்லாருடைய வருமானமும் சொத்தும் வரியும் ஒவ்வொரு வருடமும் பகிரங்கமாக வெளிவரும். வங்கி அடையாளத்தோடு வரித் திணைக்களத்தின் தளத்துக்குள் போனால் யாரையும் பார்க்கலாம்.

பெரியப்பா இரவு கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனார். ஒரு எச்சரிக்கை வந்தது. வாசிக்கவில்லை. ஓம் என்று அழுத்தினார். விழிப்பான மனுசன்! பெடியனின் பெயரைப் போட்டார். சொத்து: பூச்சியம். "ஐயோ கடவுளே!" பெரியம்மா எழும்பி ஓடிவந்தா. "என்னப்பா?" "பெடியன் பிச்சைக்காரன்!"

பெடியனுக்கு இரண்டு மாடி வீடு. வரிக் கணக்கில் நாம் குடியிருக்கும் வீட்டுக்குப் பொதுவாகச் சந்தை விலையில் கால்வாசிதான் மதிப்பு, கடனோ முழுசாகக் கழியும். பிறகு பூச்சியம் வராமல் என்ன வரும்? இந்த மண்டபத்தில் பாதிப்பேர் அந்தக் கணக்கில் பிச்சைக்காரர்தான். பெரியப்பாவுக்கு அது தெரியாது. சந்தேகம் தீராமல் பெடியனின் தகப்பனைப் பார்த்தார். பூச்சியம். தமையனைப் பார்த்தார். பூச்சியம். பரம்பரைப் பிச்சைக்காரர்! கை பழகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தார். கோயில் தலைவரைப் பார்த்தார். செயலாளரை, பொருளாளரைப் பார்த்தார். பொருளாளரை மட்டும் இரண்டு தரம் பார்த்தாராம், அது அவருடைய தனிப்பட்ட பிரச்சினை.

விடிந்தது. பேர்கனில் இருந்து போன், பெடியனின் தாய். "அண்ணை, கோப்பி குடிச்சிட்டியளோ? இல்லை, ராத்திரி எங்கட வீட்டை வந்து போன மாதிரிக் கிடந்துது." பெரியப்பாவுக்கு வியர்த்தது. "நானோ? நான் குரோருட்டில எல்லோ இருக்கிறன்!" "என்ர பிள்ளையின்ர பக்கத்தில உங்கட பேர் கிடக்கு அண்ணை. இவற்ற பக்கத்திலயும் கிடக்கு. மூத்தவன்ர பக்கத்திலயும் கிடக்கு. சம்பளத் துண்டை அனுப்பிவிடட்டோ?"

நடந்தது இதுதான். 2014இல் விதியை மாற்றினார்கள். அதற்கு முன் நீங்கள் யாரைப் பார்த்தாலும் அவருக்குத் தெரியாது. இப்போது பார்க்கப்பட்டவர் உள்ளே போனால், தன்னைப் பார்த்தது யார் யார் என்று பெயரோடு பார்க்கலாம். பட்டியலை மூடவில்லை. யாரையும் மறியலில் போடவில்லை. எட்டிப் பார்க்கிறவனின் முகத்துக்கு லைட் அடித்தார்கள், அவ்வளவுதான். தேடுகிறவர்களின் தொகை மளமளவென்று விழுந்தது. எந்த விழிப்புணர்வு வகுப்பாலும் பெரியப்பாவைத் திருத்த முடியுமா? ஒரே ஒரு விதி திருத்தியது.

கலியாணம் நடந்ததா என்று கேட்கிறா ஒரு அக்கா. நடந்தது. மணவறையில் மாப்பிள்ளை பெரியப்பாவின் காலில் விழுந்து எழும்பிக் காதுக்குள் ஒன்று சொன்னானாம்: "மாமா, இந்த வருசப் பட்டியலும் வந்திட்டுது." பொருளாளர்தான் சாப்பிடாமல் போய்விட்டார்.

சிரித்தது போதும், நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஓடி ஓடிச் சொல்கிறேன். தன்பாலீர்ப்பாளர்கள் பயன்படுத்தும் கிரைண்டர் செயலி, முறையான சம்மதம் இல்லாமல் அவர்களுடைய விபரங்களை விளம்பரக் கொம்பனிகளுக்குக் கொடுத்தது. 2021இல் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை 6.5 கோடி குரோனர் தண்டம் போட்டது. 2023இல் பேஸ்புக்கை நடத்தும் மெட்டாவுக்கு, இதே மாதிரி விளம்பர விசயத்துக்காக, நாளொன்றுக்கு 10 லட்சம் குரோனர். சின்ன நாடு, பெரிய கொம்பனி, ஆனாலும் போட்டது. அவ்வளவு ஏன், சொந்த அரசாங்கத்தையே விடவில்லை. 2020இல் கொரோனாவுக்காக ஒரு செயலி விட்டார்கள், நாங்கள் எங்கே போகிறோம், வருகிறோம் என்று சேர்த்து வைக்கிற செயலி. நோய் பெரிதாகப் பரவாத நேரத்தில் இவ்வளவு தரவு எதற்கு என்று அதிகாரசபை கேட்டது. ஜூனில் நிறுத்தினார்கள், சேர்த்ததையும் அழித்தார்கள்.

அரசாங்கம், தான் சேர்த்த விபரத்தைத் தானே அழித்தது! எங்கள் சனத்துக்கு இது நம்பக்கூடிய கதையா?

தம்பி, நீங்கள் இங்கே பிறந்த பிள்ளை. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். சுற்றிவளைப்பு என்றால் என்னவென்று உங்கள் அப்பாவைக் கேளுங்கள். முகத்தை மூடிக்கொண்டு ஆமிக்கு ஆளைக் காட்டிக்கொடுத்த தலையாட்டி யார் என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் ஒரு அல்பம் இருந்தது. ஆமி வருகிறான் என்று கேள்விப்பட்ட அன்று அம்மா அதில் இருந்து மாமாவின் படங்களை ஒவ்வொன்றாக உரித்து அடுப்பில் போட்டா. தன்னோடு கூடப்பிறந்த தம்பியின் முகத்தை! கடிதங்களையும் போட்டா. வெளிநாட்டு விலாசங்கள் எழுதிய கொப்பியைப் போட முன், அதை இருந்து பாடமாக்கினா. விழிப்பு என்று கதைக்கிறீர்களே, அதற்கு மேல் ஒரு மனுசி எவ்வளவு விழிப்பாக இருப்பது? அங்கே விழிப்புக்கு என்ன குறை? கேள்வி கேட்க ஒரு சட்டம் எங்கள் பக்கத்தில் இருந்ததா?

அம்மா இப்போது என்னோடு இருக்கிறா. போன வருடம் தங்கையின் மகளின் பார்னஹாகேயில், அதுதான் பாலர் பாடசாலையில், இருந்து ஒரு படிவம் வந்தது. பிள்ளையைப் படம் எடுக்கலாமா, ஆம், இல்லை. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொருக்கால் வாசி என்றா. வாசித்தேன்.

"படம் எடுக்க எங்களிட்டையோ கேக்கினம்?"

"ஓம் அம்மா, அது சட்டம்."

"வேண்டாம் எண்டு போட்டா?"

"எடுக்கமாட்டினம்."

கொஞ்ச நேரம் படிவத்தையே பார்த்தா. "பிறகு ஒருத்தரும் வீட்டுக்கு வந்து ஏன் எண்டு கேக்கமாட்டினமோ?"

நடுவர் அவர்களே, மணி கேட்டது. அம்மா முன்வரிசையில்தான் இருக்கிறா, நீலச் சேலை. எதிரணித் தம்பி தன் பதிலை என்னிடம் சொல்ல வேண்டாம், கீழே இறங்கி வந்து அவவிடம் சொல்லட்டும். வணக்கம்.