ஹோர்ட்டன் சமவெளியில் ஒரு சுற்று நடை

நேயர்களே, வணக்கம்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்து மலைநாட்டுக்குச் சுற்றுலாப் போகிறவர்களில் பலர் மலையை வாகனத்தின் யன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த மலையில் ஒரு காலைப்பொழுது முழுவதும் நடக்க வேண்டும், அதுவும் வீட்டிலுள்ள பெரியவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டும் என்பதை நான் நெடுங்காலமாகப் பலரிடம் சொல்லி வருகிறேன். அதற்கு மிகப் பொருத்தமான இடம் ஹோர்ட்டன் சமவெளி. 1988இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டு, 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட இடம் அது.

அங்குள்ள நடைபாதை ஒரு சுற்றுப்பாதை. புறப்பட்ட இடத்திலேயே வந்து முடியும். நீளம் ஏறக்குறைய ஒன்பதரைக் கிலோமீற்றர். சிறிய உலக முடிவு, உலக முடிவு என்ற இரண்டு செங்குத்து மலை விளிம்புகளையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் அதில் காணலாம். கடினமான ஏற்றம் என்று சொல்வதற்கு அதிகமில்லை. ஆனால் சுற்றுப்பாதைக்கு ஒரு குணம் உண்டு: பாதித் தூரம் போனபின் களைத்துவிட்டால், திரும்பி வந்தாலும் அதே தூரம், முன்னே போனாலும் அதே தூரம். குறுக்குவழி கிடையாது, வாகனமும் உள்ளே வராது. ஆகையால் திட்டமிடும்போது, குழுவில் மிக மெதுவாக நடப்பவர் யார் என்று முதலில் பாருங்கள். அவருடைய கால்தான் எல்லோருக்கும் மணிக்கூடு. நேயர்கள் இந்த ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். இதை இன்று மறுபடியும் சொல்வேன்.

எங்களுடைய கால்கள் கடல்மட்டத்தில் பழகியவை. சமவெளியோ 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் இங்குள்ளதில் முக்கால் பங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். எனவே சிறு மேட்டில் ஏறினாலும் மூச்சு வாங்கும். அதை நோய் என்று எண்ணிப் பயப்படவேண்டியதில்லை, நடையைக் குறைத்தால் போதும். ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. அதாவது மட்டக்களப்பில் கல்லடியில் வியர்த்துக்கொண்டிருக்கும் அதே வேளையில் அங்கே கூதல் உடலை உலுக்கும். ஆனாலும் ஒன்பது மணிக்குப் பிறகு வெயில் தோலைச் சுடும். ஆகவே ஒரு தடித்த சுவெட்டரைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து பின்னர் கழற்றக்கூடிய இரண்டு மூன்று மெல்லிய உடைகள் நல்லவை. காலுக்குச் செருப்பு வேண்டாம். பழகிய சப்பாத்தே வேண்டும்.

மெதுவாக நடப்பவரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அதற்கு ஒரு பெரியம்மாதான் காரணம். ஒருமுறை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து சில குடும்பங்களை அழைத்துச் சென்றிருந்தேன். அறுபது வயதைத் தாண்டிய பெரியம்மா ஒருவர், வயலில் நின்று நின்று முழங்கால் தேய்ந்தவர், அக்குழுவில் இருந்தார். அவரை எல்லோருக்கும் முன்னால் நடக்கவிட்டேன். அவரைத் தாண்டி யாரும் போகக்கூடாது என்பது நிபந்தனை. இளைஞர்களுக்கு அது பிடிக்கவில்லை. "சேர், இப்பிடிப் போனா எப்ப போய்ச் சேருற?" என்று ஒருவர் கேட்டார். பெரியம்மா எதையும் பொருட்படுத்தாமல், ஓடை வரும் இடமெல்லாம் குனிந்து தண்ணீரில் கை நனைத்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு நடந்தார். காட்டுக்குள் ஓரிடத்தில் சட்டென்று நின்று, பாசி படர்ந்த ஒரு மரத்தைக் காட்டினார். கண்மட்டத்தில் ஓர் ஓணான் அசையாமல் ஒட்டியிருந்தது. அதன் மூக்கு நுனியில் வெள்ளைநிறத்தில் சின்னஞ்சிறு கொம்பு. இலங்கையின் மலைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் வாழாத இனம் அது. வேகமாகப் போயிருந்தால் அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூட அதைக் கண்டிருக்கமாட்டார். ஓடிக் களைத்து இளைப்பாறும் நேரம் எங்களுக்குத் தேவைப்படவில்லை என்பதால், ஒன்பது மணிக்கு முன்னரே உலக முடிவை அடைந்துவிட்டோம். கீழே ஏறக்குறைய 870 மீற்றர் ஆழத்தில் தேயிலைத் தோட்டங்கள் தெளிவாகத் தெரிந்தன. சற்று நேரத்தில் பள்ளத்திலிருந்து வெண்மை மேலேறத் தொடங்கியபோது, "விடியப்புறம் நம்மட வாவியில கிடக்கிற பனி மாதிரி, என்ன மகன்?" என்று பெரியம்மா கேட்டார். எப்போது போய்ச் சேருவது என்று கேட்ட அந்த இளைஞர்தான், திரும்பும் வழியில் அவருடைய பையைச் சுமந்து வந்தார்.

அந்தப் பனிமூட்டம் ஏன் வருகிறது என்பது தெரிந்தால் நேரத்தைத் திட்டமிடுவது எளிது. வெயில் ஏற ஏற, தெற்குப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சூடாகி மலைச்சுவரோடு மேலெழும். மேலே குளிர்ந்து முகிலாகும். ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு பெரும்பாலும் வெள்ளைத் திரையைத்தான் பார்க்கவேண்டியிருக்கும். ஆகையால் காலை ஆறு மணியளவில் நுழைவாயிலில் நில்லுங்கள். பாதை பிரியும் இடத்தில் சிறிய உலக முடிவுக்குப் போகும் கிளையை முதலில் எடுங்கள்; நீர்வீழ்ச்சி காத்திருக்கும், வானம் காத்திருக்காது. விளிம்பில் பிள்ளைகளின் கையை விடவேண்டாம். நின்று பார்க்கும் நேரத்தையும் சேர்த்து முழுச் சுற்றுக்கும் நான்கு மணித்தியாலம் ஒதுக்குங்கள். மறுபடியும் சொல்கிறேன், அந்த நான்கு மணித்தியாலமும் மெதுவாக நடப்பவரின் கணக்கு.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். வாயிலில் பைகளைத் திறந்து பார்த்து, பொலித்தீன் உறைகளை வாங்கிவிடுவார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியுள்ள மெல்லிய தாளைக்கூட உரித்தெடுப்பார்கள். அங்கே நின்று சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தால் அரைமணி நேரம் போய்விடும். வீட்டிலேயே புட்டையோ சோற்றையோ வாழையிலையில் கட்டி, மூடியுள்ள பாத்திரத்தில் வையுங்கள். வாகனத் தரிப்பிடத்தில் மரைகள் மனிதரைக் கண்டு பயமின்றிக் கிட்ட வரும். உப்புச்சுவைக்காக அவை பொலித்தீனையும் மென்று விழுங்கும். தயவுசெய்து எதையும் ஊட்டாதீர்கள். மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் நீர் கொடுக்கும் நிலம் அது. அங்கே ஊறும் நீரில் ஒரு பங்கு மகாவலியோடு வந்து, எங்கள் கிழக்கில் கொட்டியாரக் குடாவில்தான் கடலைச் சேர்கிறது.

நேரம் முடிவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். பயணத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே மழை குறைவு. பெரும்போக அறுவடையை முடித்துவிட்டு மார்ச்சில் போவது எங்கள் மக்களுக்கு வசதி. செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை வழியாகப் பதுளை போகும் வீதியில் முதல்நாள் பகலிலேயே புறப்படுங்கள். இரவு அப்புத்தளையிலோ ஒகியாவிலோ தங்குங்கள். தங்குமிடம் பேசும்போது சாரதிக்கும் ஒரு கட்டிலும் கம்பளியும் கேட்டு வாங்குங்கள். விடியுமுன் அந்த வளைவுப் பாதையில் உங்களை ஏற்றிச் செல்லவேண்டியவர் அவர்தான்.

நன்றி, வணக்கம்.