தோற்றவனே வாங்க வருவது ஏன்? சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்றைப் படித்ததும் மற்றவற்றை ஒதுக்கி வைத்துவிட்டேன். நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஸ்பிரிட் விமான நிறுவனத்தை வாங்கப் பார்த்து, ஜெட்புளூவிடம் தோற்றுப்போனது ஃபிரான்டியர். பிறகு அதே ஜெட்புளூவிடம் போய், ஸ்பிரிட்டின் நியூயார்க் சொத்தை மட்டும் எனக்குக் கொடு என்று ஒப்பந்தம் போட்டது. கொஞ்சமும் வெட்கமாக இருக்காதா?"

அந்தக் கடைசி வரிக்காகவே பதில் சொல்கிறேன். வெட்கப்படுகிறவர்கள் இந்தத் தொழிலில் நெடுநாள் நிலைத்ததில்லை.

நடந்தது இதுதான். 2022 பிப்ரவரியில் ஃபிரான்டியரும் ஸ்பிரிட்டும் இணைவதாக அறிவித்தன. ஜெட்புளூ குறுக்கே புகுந்து அதிக விலை சொன்னது. ஜூலையில் 380 கோடி டாலருக்கு ஸ்பிரிட் அதன் பக்கம் சாய்ந்தது. போட்டி குறைந்துவிடும் என்று அரசு எதிர்க்கும் என ஜெட்புளூவுக்குத் தெரியும். அதைச் சமாதானப்படுத்த, ஸ்பிரிட்டிடம் இருந்தவற்றில் சிலவற்றைப் போட்டியாளர்களுக்கே கொடுத்துவிடுகிறேன் என்றது. 2023 ஜூனில் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் ஸ்பிரிட்டிடம் இருந்த 6 கேட்டுகளும் (பயணிகள் விமானம் ஏறும் வாயில்கள்) 22 ஸ்லாட்டுகளும் (விமானம் ஏறி இறங்கும் நேர உரிமைகள்) ஃபிரான்டியருக்கு என்று முடிவானது. பாஸ்டன், நியூவர்க் போன்ற இடங்களில் உள்ளவை அலீஜியன்ட் என்ற இன்னொரு விமான நிறுவனத்துக்கு. 2024 ஜனவரி 16 அன்று நீதிபதி வில்லியம் யங் இணைப்பையே தடுத்துவிட்டார். ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

இங்கே என் பழைய பல்லவியைப் பாடாமல் முடியாது. வழக்கமாகப் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். விமானம் வாடகைக்குக் கிடைக்கும், நேரம் கிடைக்காது. விமானம் வேண்டுமென்றால் குத்தகைக்குத் தரும் நிறுவனங்கள் வரிசையாக இருக்கின்றன. விமானியும் கிடைப்பார். காலை எட்டு மணிக்கு லாகார்டியாவில் இறங்கும் உரிமையை எந்தத் தொழிற்சாலையிலும் செய்ய முடியாது. அந்த உரிமைக்குத்தான் ஸ்லாட் என்று பெயர். அமெரிக்காவில் நியூயார்க்கின் லாகார்டியா, கென்னடி, வாஷிங்டனின் ரீகன் ஆகிய மூன்று விமான நிலையங்களில்தான் இந்தக் கட்டுப்பாடு கடுமையாக இருக்கிறது. லாகார்டியாவில் அட்டவணைப்படி மணிக்கு 71 விமானங்கள்தாம் ஏறி இறங்கலாம். எழுபத்திரண்டாவதாக வர விரும்புகிறவர், உள்ளே இருக்கும் யாராவது வெளியேறும் வரை காத்திருக்க வேண்டும்.

யார் சும்மா வெளியேறுவார்கள்? இரண்டு பெரிய நிறுவனங்கள் ஒன்று சேரவோ, தங்களுக்குள் ஏதாவது மாற்றிக்கொள்ளவோ அனுமதி கேட்டு நிற்கும்போதுதான் அப்படி ஒரு வாய்ப்பு வரும். 2011-இல் டெல்டாவும் யூஎஸ் ஏர்வேஸும் தங்களுக்குள் ஸ்லாட்டுகளை மாற்றிக்கொள்ள விரும்பின. சிலவற்றை ஏலம் விட்டால்தான் அனுமதி என்றது அரசு. லாகார்டியாவில் 8, ரீகனில் 8 என்று மொத்தம் 16 ஜோடிகளுக்கு (ஜோடி என்றால் இறங்க ஒன்று, ஏற ஒன்று) ஜெட்புளூ 7 கோடியே 20 லட்சம் டாலர் கொடுத்தது. ஒரு விமானம்கூட அதில் சேர்த்தியில்லை, ஓர் இருக்கையும் இல்லை. நேரத்துக்கு மட்டும் அந்த விலை! லண்டன் ஹீத்ரோ விமான நிலைய ஸ்லாட்டுகளின் விலையைப் பற்றி முன்பே ஒரு முழு உரை பேசிவிட்டேன், அதற்குள் போனால் இன்று திரும்ப மாட்டேன்.

ஆகவே ஃபிரான்டியர் செய்தது தந்திரமே தவிர மானக்கேடு இல்லை. முழுவதும் கிடைக்கவில்லையென்றால், வேறு எங்கும் வாங்க முடியாத பகுதியை மட்டும் கேட்டது.

வேடிக்கை என்னவென்றால், இணைப்பை உரக்க எதிர்ப்பவரே பெரும்பாலும் ஏலத்திலும் முதலில் நிற்பார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். 2011-இல் பிஎம்ஐ என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனத்தை ஜெர்மனியின் லுப்தான்சா விற்க முன்வந்தபோது, வாங்கப் போட்டியிட்டது வர்ஜின் அட்லான்டிக். கிடைத்ததோ பிரிட்டிஷ் ஏர்வேஸின் தாய் நிறுவனமான ஐஏஜிக்கு. பயணிகளுக்கு அநியாயம் என்று வர்ஜினின் ரிச்சர்ட் பிரான்சன் எவ்வளவோ முழங்கினார். 2012 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் அனுமதி கொடுத்தது, ஹீத்ரோ ஸ்லாட்டுகள் சிலவற்றை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவற்றைக் கேட்டு வாங்கியது யார்? அதே வர்ஜின்தான். பயணிகளைப் பற்றி அவர் சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. எதிர்ப்பு எவ்வளவு பலமாக இருக்கிறதோ அவ்வளவு நிபந்தனை விழும், நிபந்தனை கூடினால் ஏலத்துக்கு வரும் பொருளும் கூடும். அந்தக் கணக்கும் உள்ளே இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

சரி, நேயர் கேட்காத ஒன்றுக்கு வருகிறேன். அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்று எனக்குப் படுவது இதுதான்: இந்தச் சொத்தை யார் கையில் கொடுக்கிறார்கள், ஐந்து வருடம் கழித்து அது எங்கே இருக்கிறது?

கொடுக்கிறவரின் மனதை யோசித்துப் பாருங்கள். எதிரியை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றால் பலசாலியையா தேர்ந்தெடுப்பீர்கள்? தென் கொரியாவின் கொரியன் ஏர், ஏசியானா இணைப்பில் ஏசியானாவின் சரக்குப் பிரிவை விற்றாக வேண்டும் என்று ஐரோப்பா சொன்னது. 2024-இல் இறுதிச் சுற்றில் ஏர் இன்சியான், ஈஸ்டார் ஜெட், ஏர் பிரீமியா மூன்றும் நின்றன. 47,000 கோடி வோனுக்கு வென்றது ஏர் இன்சியான், சில சிறிய போயிங் 737 சரக்கு விமானங்களை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்த நிறுவனம். பாரிஸ், ரோம், பார்சிலோனா, ஃபிராங்ஃபர்ட் பயணிகள் தடங்கள் டீவே என்ற மலிவுக் கட்டண நிறுவனத்துக்குப் போயின. அதனிடம் போதுமான நெடுந்தூர விமானம் இல்லை. கொரியன் ஏரே ஐந்து ஏர்பஸ் 330 விமானங்களையும் விமானிகளையும் கொடுத்து உதவியது. போட்டியாளனைப் போட்டியாளனே வளர்த்துவிடும் காட்சி! இதை எந்த மனநிலையோடு பார்க்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

கட்டுப்பாட்டாளர்களுக்கும் சிறியவர்கள்தாம் பிடிக்கும், வேறு காரணத்துக்காக. பெரியவரிடமிருந்து பிடுங்கி இன்னொரு பெரியவருக்குக் கொடுத்தால் என்ன மாறும் என்பார்கள். நியாயம்தான். சிறியவர் தாக்குப்பிடிப்பாரா என்பது அவர்கள் மனுவில் ஒரு பத்தியாக இருக்கும், பிறகு யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

லண்டனில் என்ன ஆயிற்று? வர்ஜின் அந்த ஸ்லாட்டுகளைக் கொண்டு 2013-இல் 'லிட்டில் ரெட்' என்ற உள்நாட்டுச் சேவையை எடின்பரோவுக்கும் அபர்டீனுக்கும் தொடங்கியது. விமானமும் ஊழியர்களும் ஏர் லிங்கஸிடம் வாடகைக்கு. சொன்னேன் அல்லவா, விமானம் வாடகைக்குக் கிடைக்கும். ஆட்கள் ஏறவில்லை. ஹீத்ரோவில் இறங்கி உலகெங்கும் போகும் இணைப்பு விமானங்கள் பிரிட்டிஷ் ஏர்வேஸிடம்தான் குவிந்து கிடந்தன. 2015 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். 2017-இல் ஃபிளைபி என்ற நிறுவனம் அதே இரண்டு ஊர்களுக்கும் ஹீத்ரோவிலிருந்து பறக்க வந்தது. 2020 மார்ச்சில் அது நொடித்தது. அதே பெயரில் 2022-இல் மறுபடி எழுந்து, 2023 ஜனவரியில் மறுபடி விழுந்தது. கடைசியில் அந்த ஸ்லாட்டுகள் பிரிட்டிஷ் ஏர்வேஸிடமே திரும்பின. யாரைக் கட்டுப்படுத்த எடுத்துக் கொடுத்தார்களோ அவர்களிடமே!

அமெரிக்கக் கதை வேறு மாதிரி. 2013-இல் அமெரிக்கன், யூஎஸ் ஏர்வேஸ் இணைப்பில் ரீகனில் 104, லாகார்டியாவில் 34 ஸ்லாட்டுகளைக் கைவிட வைத்தது அமெரிக்க அரசின் நீதித்துறை. டாலஸ் நகரின் லவ் ஃபீல்ட் விமான நிலையத்தில் இரண்டே இரண்டு கேட்டுகள். அங்கே மொத்தமே 20 கேட்டுகள், அதில் 16 அப்போது சவுத்வெஸ்ட் என்ற பெரிய நிறுவனத்திடம். டெல்டா அந்த இரண்டையும் துடித்துக் கேட்டது. பெரிய நிறுவனத்துக்குக் கொடுக்க மாட்டோம் என்று மறுத்து, வர்ஜின் அமெரிக்கா என்ற சிறிய நிறுவனத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். ரீகனில் 8 ஸ்லாட்டுகளும் லாகார்டியாவில் 12 ஸ்லாட்டுகளும்கூட அதற்குக் கிடைத்தன. சிறியவர் கை ஓங்கட்டும் என்ற நல்ல எண்ணம்.

2016-இல் வர்ஜின் அமெரிக்காவை அலாஸ்கா ஏர்லைன்ஸ் வாங்கிக்கொண்டது. 2018-இல் அலாஸ்கா ரீகனின் 8 ஸ்லாட்டுகளையும் லாகார்டியாவின் 12 ஸ்லாட்டுகளையும் 2028 வரை குத்தகைக்கு விட்டது. குத்தகைக்கு எடுத்தது சவுத்வெஸ்ட்.